கறுப்பு-வெள்ளை சூப்பர் 8: எடுப்பது, கழுவுவது, கணினியில் ஏற்றுவது

சூப்பர் 8 கேமரா ஒன்று கைக்கு வந்துவிட்டது, அல்லது பரணிலிருந்து தாத்தா எடுத்த ரீல்கள் இறங்கியிருக்கின்றன, அடுத்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக இது. கலர் பிலிமைத் தொடவே போவதில்லை. கறுப்பு-வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம், செலவு குறைவு, நூறு வருடத்துப் பழக்கம் பின்னால் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் அது கறாரானது: எடுக்கும்போது விழுந்த வெளிச்சம்தான் கடைசி வரை. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே பல்லவிதான், கேமராவிலும் சரி, ஸ்கேனரிலும் சரி, ஆட்டோவை நம்பாதீர்கள்.

முதலில் எந்த அளவு பிலிம் என்று பாருங்கள்

வீட்டுப் படம் எடுக்க வந்த சின்ன அளவுகளில் ஒன்று பாத்தேயின் 9.5 மி.மீ, 1922இல் வந்தது. அடுத்த வருடம் கோடக்கின் 16 மி.மீ. 1932இல் ரெகுலர் 8 வந்தது. அது உண்மையில் 16 மி.மீ அகலப் பிலிம்தான், ஒரு பக்கம் ஓட்டி, ரீலைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் ஓட்டி, கழுவிய பிறகு நடுவில் கிழித்து ஒட்டுவார்கள். 1965இல் சூப்பர் 8, கார்ட்ரிட்ஜைச் சொருகினால் போதும் என்ற வசதியோடு.

பழைய ரீல் கையில் இருந்தால் ஓட்டையைப் பாருங்கள். ஓட்டை பெரியது, இரண்டு ஃப்ரேம்களுக்கு இடையிலுள்ள கோட்டருகே இருக்கிறது என்றால் ரெகுலர் 8. சின்ன ஓட்டை, ஃப்ரேமின் நடுமட்டத்தில் இருந்தால் சூப்பர் 8. ரீலின் நடுத்துளையும் காட்டிக்கொடுக்கும், சூப்பர் 8 ரீலுக்குத் துளை பெரிது. இது தெரியாமல் தவறான கேட்டில் (லென்ஸுக்குப் பின்னால் பிலிம் ஓடும் சட்டம்) ஓட்டினால் பிலிம் கிழியும்.

கேமரா வாங்கும்போது

கேனான், நிகான், நீசோ, பௌலியூ என்று பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். கோடக் 2023இல் புதிய சூப்பர் 8 கேமராவை 5,495 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. அந்தக் காசுக்குப் பழைய நல்ல கேமராவும் சில வருடத்துக்கான பிலிமும் வாங்கிவிடலாம். பழையதில் பார்க்க வேண்டியவை சில. பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா. பிலிம் இல்லாமல் ஓட்டினால் சத்தம் ஒரே சீராக வருகிறதா, இழுத்து இழுத்து வருகிறதா. லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை தெரிகிறதா. நம் ஊர்க் காற்றில் வளர்ந்த கேமராவுக்கு இதுதான் முதல் நோய். ஜன்னல் பக்கம் திருப்பினால் எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது) காட்டும் முள் நகர்கிறதா.

வெளிச்சம் அளக்கும் மீட்டருக்குத் தனியாகப் பொத்தான் பேட்டரி கேட்கும் கேமராக்கள் உண்டு. அவை பழைய பிஎக்ஸ் 625 என்ற 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை, அது இப்போது தயாராவதில்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் மீட்டர் தப்பாகச் சொல்லக்கூடும். காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட், விட்டம் கொஞ்சம் சிறிது, சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் சரியாக உட்காரும். அதன் மேலுள்ள ஸ்டிக்கரை உரித்ததும் காற்று புகுந்து வேலை செய்ய ஆரம்பித்துவிடும், சில வாரங்களில் தீர்ந்தும் போகும், ஆகவே படம் எடுக்கும் நாளில் உரியுங்கள்.

பிலிம்

சூப்பர் 8 கார்ட்ரிட்ஜில் சுலபமாகக் கிடைப்பது கோடக் ட்ரை-எக்ஸ் ரிவர்சல், எண் 7266. வெயிலில் 200 ஐஎஸ்ஓ (பிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்துக்கு எவ்வளவு சுருக்காக இசைகிறது என்பது), பல்பு வெளிச்சத்தில் 160. இதைவிட மெல்லிய தானியம் (படத்தில் தெரியும் வெள்ளித் துகள்) கொண்ட பிளஸ்-எக்ஸை 2010இல் நிறுத்திவிட்டார்கள். ரெகுலர் 8 கேமரா வைத்திருப்பவர்களுக்கு செக் நாட்டு ஃபோமாபான் ஆர் 100 இருக்கிறது, நல்ல பிலிம். ரிவர்சல் என்றால் கழுவி எடுத்ததுமே நேர்ப்படம், நெகடிவ் கிடையாது, பிரிண்ட் போட வேண்டாம், அப்படியே புரொஜெக்டரில் ஓட்டலாம்.

ஒரு கார்ட்ரிட்ஜில் 15 மீட்டர், 3,600 ஃப்ரேம். நொடிக்கு 18 ஃப்ரேம் வேகத்தில் 3 நிமிடம் 20 நொடி. 24இல் ஓட்டினால் இரண்டரை நிமிடம்தான். வாயசைப்புக்கு ஒலி சேர்க்கப் போவதில்லை என்றால் 18 போதும். பிலிமை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் எடுத்ததும் பிரிக்காதீர்கள், சில மணி நேரம் வெளியே கிடக்கட்டும், இல்லையென்றால் உள்ளே வியர்க்கும். விமானத்தில் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய சிடி ஸ்கேனர் வகை இயந்திரங்கள் கைப்பையில் இருக்கும் பிலிமையும் கெடுத்துவிடும்.

வெளிச்சம்: இங்கேதான் எல்லாம்

நம் வெயிலுக்கு ட்ரை-எக்ஸ் வேகமான பிலிம். கணக்கைப் பாருங்கள். 18 ஃப்ரேம் வேகத்தில் சாதாரண சூப்பர் 8 கேமராவின் ஷட்டர் ஒரு ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 1/40 நொடி திறக்கும். பளிச்சென்ற வெயிலில் 200 ஐஎஸ்ஓ பிலிமுக்கு 1/200 நொடிக்கு எஃப்/16 வேண்டும் என்பது பழைய விதி. 1/40 என்றால் அதைவிட ஐந்து மடங்கு வெளிச்சம், அதை அடைக்க எஃப்/36 வரை போக வேண்டும். பல லென்ஸ்கள் எஃப்/22இல் நின்றுவிடும். ஆட்டோ முள் சிவப்புக் கோட்டில் முட்டிக்கொண்டு நிற்கும், நீங்கள் கவனிக்காமல் எடுத்துக்கொண்டே போவீர்கள், வந்து பார்த்தால் வெள்ளை வேட்டியும் வானமும் ஒன்றாகக் கரைந்திருக்கும். சரி, எஃப்/22இலேயே சமாளித்துவிட்டாலும் இவ்வளவு சின்ன ஃப்ரேமில் அந்தத் துளையளவுக்குப் படம் மழுங்கித்தான் வரும்.

தீர்வு என்டி ஃபில்டர், வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் சாம்பல் கண்ணாடி. என்டி 8 மூன்று ஸ்டாப் குறைக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), எஃப்/36 என்பது எஃப்/13க்கு வந்துவிடும். கறுப்பு-வெள்ளையில் இன்னொரு வழியும் உண்டு: ஆரஞ்சு ஃபில்டர் ஏறத்தாழ இரண்டு ஸ்டாப், சிவப்பு மூன்று. வெளிச்சமும் குறையும், நீல வானம் கறுத்து மேகம் தனியாகத் தெரியும். ஆனால் சிவப்பு ஃபில்டரில் முகங்கள் வெளிறும், உதடு காணாமல் போகும், குடும்பப் படத்துக்கு மஞ்சளோ ஆரஞ்சோதான் என் தேர்வு. மீட்டர் லென்ஸ் வழியாகப் பார்க்கும் கேமரா என்றால் ஃபில்டரைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். லென்ஸுக்குப் பக்கத்தில் தனி ஜன்னல் வைத்து அளக்கும் கேமரா என்றால் நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

கேமராவுக்குள்ளேயே ஓர் ஆரஞ்சு ஃபில்டர் ஒளிந்திருக்கும், பல்பு வெளிச்சத்துக்கான கலர் பிலிமை வெயிலில் பயன்படுத்துவதற்காக வைத்தது. அது நமக்கு வேண்டாம்; சூரியன்-பல்பு சுவிட்சைப் பல்புப் படத்துக்குத் தள்ளினால் விலகிவிடும். கார்ட்ரிட்ஜிலுள்ள வெட்டுகளைப் படித்து கேமரா தானே ஐஎஸ்ஓவை முடிவு செய்யும். எளிய கேமராக்களுக்கு 40, 160 இரண்டு மட்டும்தான் தெரியும். 160 என்று எடுத்துக்கொண்டால் வெயிலில் மூன்றில் ஒரு ஸ்டாப் கூடுதலாக விழும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

ரிவர்சலில் எந்தப் பக்கம் தவறலாம்? கொஞ்சம் இருட்டாக விழுந்தால் ஸ்கேனில் எதையாவது தோண்டி எடுக்கலாம், வெளுத்துப் போனால் அந்த இடத்தில் பிலிமில் வெள்ளியே இல்லை, வெறும் பிளாஸ்டிக். அதனால் பின்னால் ஜன்னல், முன்னால் பாட்டி என்றால் பாட்டியின் முகத்துக்குக் கிட்டே போய் அளந்து, எஃப் எண்ணைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து எடுங்கள். பூட்டும் வசதி இல்லாத கேமராவில் ஜன்னலை ஃப்ரேமிலிருந்து விலக்குவதுதான் வழி. கையில் நல்ல தனி மீட்டர் இருந்தால் ஆட்டோவை மறந்தே விடலாம்.

எடுக்கும்போது

வியூஃபைண்டரை முதலில் உங்கள் கண்ணுக்குச் சரிசெய்யுங்கள், லென்ஸைத் தூரத்துக்கு வைத்துக்கொண்டு உள்ளே தெரியும் குறி கூர்மையாகும் வரை. ஃபோகஸ் செய்ய ஜூமை முழுதும் இழுத்து, கண்ணிமையைப் பார்த்துச் சரிசெய்து, பிறகு விரிக்கவும். ஒரு ஷாட்டுக்கு எட்டிலிருந்து பத்து நொடி கொடுங்கள்; கார்ட்ரிட்ஜுக்கு இருபது ஷாட் என்று மனதில் வையுங்கள். கேமராவை வேகமாகத் திருப்பினால் 18 ஃப்ரேமில் எல்லாம் நடுங்கும்.

கார்ட்ரிட்ஜ் போடுவதற்கு முன் கேட்டைச் சுத்தமான பிரஷால் தட்டுங்கள். ஒரு மயிரிழை ஒட்டியிருந்தால் மூன்று நிமிடமும் திரையின் ஓரத்தில் அது ஆடிக்கொண்டிருக்கும். நடுவில் கதவைத் திறந்தால் சில ஃப்ரேம்கள் மட்டும் கெடும், ஆனால் ஓடிய பிலிமைக் காட்டும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும், எவ்வளவு மிச்சம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஓடி முடிந்ததும் கார்ட்ரிட்ஜின் ஜன்னலில், பிலிம் மீதே, முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அது தெரியாவிட்டால் இன்னும் பிலிம் இருக்கிறது, அல்லது சிக்கியிருக்கிறது.

கழுவுவது

லேபுக்கு அனுப்புவது ஒரு வழி, முதல் இரண்டு மூன்று கார்ட்ரிட்ஜுக்கு அதையே செய்யுங்கள். கேமரா சரியாக வேலை செய்கிறதா, கழுவியதில் பிழையா என்ற குழப்பம் வராது. அப்புறம் வீட்டில் முயலலாம். 15 மீட்டரைச் சுற்ற ஒரு ஸ்பைரல் தொட்டி வேண்டும், பழைய சோவியத் லோமோ தொட்டிகள் இதற்குப் பேர்போனவை. வீணாய்ப்போன பிலிமை வைத்து வெளிச்சத்திலும், பிறகு கண்ணை மூடிக்கொண்டும் சுற்றிப் பழகுங்கள். கார்ட்ரிட்ஜை முழு இருட்டில் உடைத்துத்தான் பிலிமை எடுக்க வேண்டும்.

வரிசை இது. முதல் டெவலப்பர்: வீரியமானது, சிறிதளவு ஹைபோ (ஃபிக்ஸரில் இருக்கும் உப்பு) சேர்த்தது. அலசல். ப்ளீச். அலசல். தெளிவுக் கரைசல். வெளிச்சத்தில் காட்டுவது. இரண்டாம் டெவலப்பர். ஃபிக்ஸர். நல்ல அலசல். உலர்த்தல். இதில் படத்தின் தலையெழுத்தை எழுதுவது முதல் டெவலப்பர்தான். நெகடிவ் கழுவிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகப் படும்: இங்கே நேரம் கூடினால் படம் வெளுக்கும், குறைந்தால் கறுக்கும். காரணம், முதல் டெவலப்பர் உண்டாக்கும் வெள்ளியை ப்ளீச் கரைத்து வெளியேற்றிவிடுகிறது, மிச்சம் இருப்பதுதான் உங்கள் படம். ஆகவே முழுக் கார்ட்ரிட்ஜை நனைப்பதற்கு முன் சின்னத் துண்டுகளை வெட்டி, நேரத்தை மாற்றி மாற்றிச் சோதித்துப் பாருங்கள்.

ப்ளீச்சுக்கு டைகுரோமேட் பயன்படுத்தும் செய்முறைகள் பல இடங்களில் உண்டு. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், வீட்டில் வேண்டவே வேண்டாம். பெர்மாங்கனேட் போதும்: ஒரு லிட்டருக்கு 2 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட், 10 மி.லி அடர் கந்தக அமிலம். இரண்டையும் தனித்தனியாக அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்து, பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் கலக்கவும், கலந்தது தங்காது. அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இந்தியாவில் சில்லறையில் அமிலம் வாங்க அடையாள அட்டையும் காரணமும் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் அமிலத்துக்குப் பதில் சோடியம் பைசல்பேட் போடும் செய்முறைகளும் இருக்கின்றன.

ப்ளீச் முடிந்ததும் பிலிம் பழுப்பாக, அசிங்கமாக இருக்கும். லிட்டருக்கு 25 கிராம் சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசல் அந்தக் கறையை எடுத்துவிடும், அதன் வாடை மூக்கைத் துளைக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இனி நம் ஊர்ப் பிரச்சினை. செய்முறைகள் எல்லாம் 20 டிகிரிக்கு எழுதப்பட்டவை; சித்திரையில் சென்னையில் குழாயில் வருவது அநேகமாக வெந்நீர். பெர்மாங்கனேட் பட்ட ஜெலட்டின் ஏற்கெனவே இளகியிருக்கும், 30 டிகிரித் தண்ணீரில் அலசினால் படம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எல்லாக் கரைசல்களையும், அலசும் தண்ணீரையும் சேர்த்து, ஐஸ் போட்ட பெரிய டப்பில் முன்கூட்டியே நிறுத்தி ஒரே வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் தாவக் கூடாது. ஈரப் பிலிமின் மேட் பக்கத்தை, அதாவது படம் இருக்கும் பளபளப்பில்லாத பக்கத்தை, விரலால் தொடவே கூடாது.

தெளிவுக் கரைசலுக்குப் பிறகு விளக்கைப் போட்டுவிடலாம். ஸ்பைரலைத் தொட்டியிலிருந்து எடுத்து, பிரகாசமான விளக்கின் முன் இரு பக்கமும் சில நிமிடம் காட்டுங்கள். அதற்குப் பின் இரண்டாம் டெவலப்பரில் படம் உங்கள் கண்முன்னே கறுத்து எழுந்து வரும், இதற்கு நேரம் கணக்குப் பார்க்க வேண்டாம், முழுதாகக் கறுக்கட்டும். கடைசி அலசலில் ஈரமாக்கும் திரவம் சில சொட்டு. குளியலறையில் கொடி கட்டித் தளர்வாக வளைத்து வளைத்துத் தொங்கவிடுங்கள், ஃபேன் வேண்டாம், தூசி ஒட்டும்.

பழைய ரீல் என்றால்

உடனே புரொஜெக்டரில் மாட்டாதீர்கள். முதலில் மோந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் அசிடேட் சிதைய ஆரம்பித்துவிட்டது, அது பக்கத்து ரீலுக்கும் பரவும், பிரித்து வைத்து அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். வெள்ளைப் பொடியாகப் பூஞ்சை இருந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படமும் சேர்ந்து போகும். உலர்ந்த நிலையில் மெல்லிய துணி, தேவையென்றால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதையும் ஓர் ஓரத்தில் சோதித்த பிறகு. பழைய ஒட்டுகள் பட்டென்று விடும், எல்லாவற்றையும் புதிய டேப்பில் ஒட்டிவிட்டுத்தான் ஸ்கேனருக்கு அனுப்ப வேண்டும். ரீல் எந்த வருடம் என்று தெரியவில்லையா, கோடக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகள் இருக்கும், அது தயாரித்த வருடம். அந்தக் குறிகள் இருபது வருடத்துக்கு ஒரு முறை திரும்ப வரும், ஆகவே படத்திலுள்ள புடவையையும் காரையும் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவுசெய்ய வேண்டும்.

கணினியில் ஏற்றுவது

மலிவான வழி, வெள்ளைக் காகிதத்தில் புரொஜெக்டரை ஓட்டிக் கேமராவில் பிடிப்பது. மினுக்கல்தான் இதன் எதிரி. மூன்று இதழ் ஷட்டர் உள்ள புரொஜெக்டரை நொடிக்கு 16⅔ ஃப்ரேமுக்கு இறக்கினால் நொடிக்குச் சரியாக 50 மினுக்கல், கேமராவை 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர், எல்லாம் மேனுவலில் வைத்தால் மினுக்கல் அடங்கும். வாட்ஸப்பில் சித்தப்பாவுக்கு அனுப்ப இது போதும். காப்பகத்துக்கு வைக்க ஆகாது.

இரண்டாவது, ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிடிக்கும் சின்ன மேஜை இயந்திரங்கள். ஓரங்களைச் செயற்கையாகக் கூர்மையாக்கும், கோப்பை நசுக்கும், வெளிச்சத்தை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தானே மாற்றும். அந்த ஆட்டோவை அணைக்க முடியாத இயந்திரத்தை வாங்காதீர்கள். இவற்றில் சில நொடிக்கு 20 ஃப்ரேம் என்று கோப்பை எழுதும், எல்லோரும் கொஞ்சம் அவசரமாக நடப்பார்கள். வேகத்தை 90 சதவீதமாக்கினால் 18 ஆகும், 16 ஃப்ரேமில் எடுத்த ரெகுலர் 8க்கு 80 சதவீதம்.

உருப்படியான வழி, பல்சக்கரம் இல்லாமல் பிலிமை ஓட்டும் தொழில்முறை ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்தில் கொடுப்பது. கொடுக்கும்போது இவற்றைக் கேளுங்கள், பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். ஃப்ரேமைத் தாண்டி ஓட்டையும் ஓரமும் தெரியும்படி எடுப்பார்களா. தட்டையான, கான்ட்ராஸ்ட் ஏற்றாத கோப்பு தருவார்களா, குறைந்தது 10 பிட். தானியம் நீக்குவது, கூர்மையாக்குவது எதுவும் வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். விளக்கு பரவிய வெளிச்சமா என்றும் கேளுங்கள். நேர்க்கற்றை வெளிச்சத்தில் வெள்ளித் தானியம் ஒளியைச் சிதறடித்து கான்ட்ராஸ்ட் கூடும், ஒவ்வொரு கீறலும் எடுப்பாகத் தெரியும். அப்புறம் முக்கியமானது, அகச்சிவப்புக் கதிரால் தூசி நீக்கும் வசதி இருந்தால் அதை அணைக்கச் சொல்லுங்கள். கலர் பிலிமில் சாயம் அந்தக் கதிரை விட்டுவிடும், தூசி மட்டும் மறிக்கும். கறுப்பு-வெள்ளையில் படமே வெள்ளி, அதுவும் மறிக்கும், இயந்திரம் உங்கள் பாட்டியின் கூந்தலைத் தூசி என்று நினைத்து அழிக்கும்.

எவ்வளவு தெளிவு வேண்டும்? சூப்பர் 8 ஃப்ரேம் 5.8 மி.மீ-க்கு 4 மி.மீ, 2கே (அகலத்தில் ஏறத்தாழ 2,000 புள்ளிகள்) போதும். 4கே-யில் தானியம் அழகாகத் தெரியும், புதிய விவரம் பெரிதாக வராது. 2048-க்கு 1536, 16 பிட் ஒற்றை நிறப் படங்களாக வைத்தால் ஒரு ஃப்ரேம் 6.3 எம்பி, ஒரு கார்ட்ரிட்ஜுக்கு 22 ஜிபிக்குச் சற்று மேல். ரீல்கள் நிறைய இருந்தால் புரோரெஸ் (எடிட்டிங்குக்கான சுருக்கிய வீடியோ வடிவம்) கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எடிட்டிங் மேஜையில்

கோப்பு வந்ததும் கடைப் பலகையோ கார் எண்ணோ தேடுங்கள், எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் பிலிமைத் திருப்பி மாட்டி ஸ்கேன் செய்திருக்கிறார்கள், கிடைவாக்கில் புரட்டினால் சரியாகும். சாயல் ஏதாவது தெரிந்தால் நிறத்தைப் பூஜ்யமாக்கிவிடுங்கள்.

ஓரத்தையும் சேர்த்து எடுக்கச் சொன்னதன் பலன் இப்போதுதான். ரிவர்சல் பிலிமில் இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவிலுள்ள கோட்டில் வெளிச்சமே படவில்லை, ஆகவே அந்தப் பிலிம் தரக்கூடிய முழுக் கறுப்பு அதுதான். ஓட்டையில் பிலிமே இல்லை, அது விளக்கின் முழு வெள்ளை. கறுப்பை அந்தக் கோட்டில் நிறுத்துங்கள், வெள்ளையை ஓட்டைக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள், மீதி எல்லாம் தானாக இடம் பிடிக்கும். மென்பொருளின் ஆட்டோ பொத்தான் இருட்டு அறைக் காட்சியையும் கடற்கரைக் காட்சியையும் ஒரே சாம்பலாக்கிவிடும். ஆட்டத்தை நிறுத்துவதற்கும் ஓட்டையையே அடையாளப் புள்ளியாக வைத்தால் கேமரா கை நடுக்கம் அப்படியே இருக்கும், ஸ்கேனர் நடுக்கம் மட்டும் போகும்.

கிளிப்பின் வேகத்தை 18 என்று அமைத்துவிட்டு, 24 ஃப்ரேமில் வெளியிட வேண்டுமென்றால் மூன்று ஃப்ரேமுக்கு ஒன்றைத் திரும்பப் போட்டு நான்காக்குங்கள். இடையில் இல்லாத ஃப்ரேமைச் செயற்கை நுண்ணறிவை வைத்து வரையச் சொல்வோரைப் பார்க்கிறேன், ஓடும் குழந்தைக்கு மூன்றாவது கால் முளைக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் கோடுகளையும் ஓட்டையையும் வெட்டிவிட்டு 4:3லேயே வெளியிடுங்கள், அகலத் திரைக்காகத் தலையை வெட்ட வேண்டாம்.

வெட்டாத மூலக் கோப்பை இரண்டு டிரைவில், இரண்டு வீடுகளில் வையுங்கள். பிலிமைத் தூக்கிப் போடாதீர்கள். பாலிபுரொப்பிலீன் டப்பா, வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத அலமாரி, பரண் கூடவே கூடாது. கூடவே ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல், அது நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள். டப்பாவின் மேல் யார், எந்த ஊர், எந்த விசேஷம் என்று பென்சிலால் எழுதி ஒட்டுங்கள், பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே.